ராம் மோகனின் கோடுகளைத் தேடி ஒரு மடல்

தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழக நிர்வாகத்தினருக்கும், புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் சென்னையில் அனிமேஷன் சொல்லிக்கொடுக்கிறவன். அதற்கு முன் இருபது வருடத்துக்கு மேல் ஸ்டூடியோக்களில் வேலை பார்த்தேன். 1994இல் இன்பிட்வீன், அதாவது இரண்டு முக்கிய அசைவுகளுக்கு நடுவில் வரும் படங்களை வரைகிற பையனாகச் சேர்ந்தபோது லைட் பாக்ஸும் பெக் பாரும் பென்சிலும்தான் எங்களுக்கு எல்லாம். போன மாதம் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "சார், நம்ம நாட்டுல முதல்ல கார்ட்டூன் படம் பண்ணினவங்களோட டிராயிங் எல்லாம் எங்க சார் இருக்கு? போய்ப் பார்க்க முடியுமா?" ஜப்பானிய ஸ்டூடியோ ஒன்றின் லேஅவுட் தாள்களைப் புத்தகமாகப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அதே மாதிரி நம்முடையதையும் தொட்டுப் பார்க்க ஆசை. என்னால் அவளுக்கு ஒரு முகவரி சொல்ல முடியவில்லை. அந்த முகவரியைக் கேட்டுத்தான் இந்த மடல்.

ராம் மோகனைப் பற்றி உங்களுக்கு நான் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. உங்கள் வீட்டில் வளர்ந்தவர் அவர். ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களில் பலருக்கு அந்தப் பெயர் தெரியாது. அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

1956இல் பம்பாயில், அரசின் செய்திப்பட, ஆவணப்பட நிறுவனமான ஃபிலிம்ஸ் டிவிஷனுக்குள் கார்ட்டூன் பிரிவு தொடங்கியது. அமெரிக்கத் தொழில்நுட்ப உதவியின்கீழ் டிஸ்னியிலிருந்து கிளேர் வீக்ஸ் என்பவர் வந்து பயிற்சி கொடுத்தார். ஸ்னோ ஒயிட், பாம்பி, பீட்டர் பேன் படங்களில் வேலை செய்த கை அவருடையது. மிஷனரிப் பெற்றோருக்கு இந்தியாவில் பிறந்தவர் என்பதால் இந்த மண் அவருக்குப் புதிதல்ல. அவரிடம் தொழில் கற்ற இளைஞர்களில் ஒருவர் ராம் மோகன். அப்போது வயது இருபத்தைந்து. அந்தப் பிரிவிலிருந்து 1957இல் வந்த படம் 'தி பனியன் டீர்'. சினையாயிருக்கும் பெண் மானுக்குப் பதிலாக மான்களின் அரசன் தன் கழுத்தைக் கொடுக்க முன்வருகிற, புத்தரின் முற்பிறவி பற்றிய ஜாதகக் கதை. டிஸ்னிக்காரர் சொல்லிக்கொடுத்தாலும் உருவங்களை அஜந்தா ஓவியங்களிலிருந்து எடுத்தார்கள். அடுத்த வருடமே ஜஹாங்கீர் பவ்நகரி இமயமலைப் பக்கத்துப் பஹாடிச் சிற்றோவியங்களை வைத்து 'ராதா அண்ட் கிருஷ்ணா' எடுத்தார். சம்பளம் வாங்கும் அரசு ஊழியர்கள் ஓர் அலுவலகக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து, நம் கோடு எப்படி அசையும் என்று தேடிக்கொண்டிருந்த காலம் அது. எனக்கு அதை நினைத்தாலே மனசு நிறைந்துவிடும்.

ராம் மோகன் அங்கே பத்துப் பன்னிரண்டு வருடம் இருந்தார். அவர் எழுதி, வடிவமைத்து, அசைவூட்டிய 'ஹோமோ சாப்ஸ்' தேசிய விருது வாங்கியது. 1968இல் 'பாப் ரே பாப்'. அப்புறம் அரசு வேலையை விட்டுவிட்டு, பிரசாத் புரொடக்‌ஷன்ஸின் அனிமேஷன் பிரிவுக்குத் தலைமை ஏற்கப் போனார். 1972இல் சொந்தமாக 'ராம் மோகன் பயோகிராஃபிக்ஸ்' ஆரம்பித்தார். அன்றிலிருந்து அவர் தயாரிப்பாளர்.

இந்தத் தொழிலில் தயாரிப்பாளர் என்றால் என்ன அர்த்தம் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. நடிகரின் கால்ஷீட் கிடையாது, வெளியூர் படப்பிடிப்பு கிடையாது. ஆனால் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரைகிற கைகள் சிதறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு நல்ல அனிமேட்டர் உருவாக ஐந்து வருடம் ஆகும். இரண்டு மாதம் வேலை இல்லாவிட்டால் அவர் வேறு தொழிலுக்குப் போய்விடுவார். முழுநீளக் கார்ட்டூன் படத்துக்கு யாரும் பணம் போடாத நாட்டில், விளம்பரப் படம், சினிமா டைட்டில், அரசுச் செய்திப் படம் என்று கிடைத்ததையெல்லாம் எடுத்து, அந்தச் சம்பாத்தியத்தில்தான் ராம் மோகன் தன் ஆட்களைக் காப்பாற்றினார். இடையிலேயே 1972இல் 'யூ செட் இட்', 1983இல் 'ஃபயர் கேம்ஸ்' என்று இரண்டு தேசிய விருதுகள். மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்' படத்தில் வருகிற அனிமேஷன் துண்டு அவருடையது. சத்யஜித் ராயின் 'சத்ரஞ்ச் கே கிலாடி'யில், ஒவ்வொரு சமஸ்தானத்தையும் செர்ரிப் பழம் மாதிரி வெள்ளைக்காரன் விழுங்குகிற காட்சி வருமே, அதுவும் அவருடையது. 1990களில் யூனிசெஃபுக்காக மீனாவை உருவாக்கினார். பள்ளிக்கூடம் போக ஆசைப்படும் சின்னப் பெண், அவள் தம்பி ராஜு, மிட்டு என்கிற கிளி. வங்கதேசம் முதல் பாகிஸ்தான் வரை தெற்காசியக் குழந்தைகள் எல்லோரும் தங்கள் ஊர்ப் பெண் என்று நம்பிய முகம் அது. நான்கு நாட்டுக்காரர்களுக்கும் உறவாகத் தெரிகிற ஒரு முகத்தை வரைவது எவ்வளவு கடினம் என்று வரைகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

2014இல் பத்மஸ்ரீ. 2019 அக்டோபர் 11 அன்று மும்பையில் காலமானார். அதற்கு ஒன்றரை வருடம் முன்புதான் அனிமேஷன் இயக்குநர் பீம்சேன் போயிருந்தார். அதே 2019 மே மாதம் ஆவணப்பட இயக்குநர் விஜயா முலே. இவர்கள் இருவரும் சேர்ந்து செய்த 'ஏக் அனேக் ஔர் ஏக்தா' கார்ட்டூன் குறும்படத்தைத் தூர்தர்ஷன் காலத்துத் தமிழ்ப் பிள்ளைகள் இந்தி தெரியாமலே மனப்பாடம் செய்திருந்தோம். "ஏக் சிடியா" என்று யாராவது ஆரம்பித்தால் என் வயதுக்காரர்கள் இன்றும் முடித்துவைப்பார்கள்.

இரண்டே வருடத்தில் மூன்று பேர். நம் அனிமேஷனின் முதல் தலைமுறை இப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது.

ராம் மோகனின் படங்களில் எவை இன்று எளிதாகப் பார்க்கக் கிடைக்கின்றன என்று பாருங்கள். ராய் படத்துக்குள் இருப்பது கிடைக்கிறது. ராய் படம் காப்பாற்றப்படுவதால் அதுவும் பிழைத்தது. மீனா கிடைக்கிறாள், ஐ.நா. அமைப்பின் கையில் இருப்பதால். அடுத்தவர் வீட்டில் குடியிருந்தவை பத்திரமாக இருக்கின்றன. அவர் இளமையைக் கொடுத்துச் செய்த சொந்தக் குறும்படங்களைத் தேடினால், ஃபிலிம்ஸ் டிவிஷன் யூடியூபில் ஏற்றிய சிலவற்றைப் பார்க்கலாம். அதற்கு மனமார்ந்த நன்றி. என் வகுப்பே அவற்றை வைத்துத்தான் நடக்கிறது. ஆனால் ஒரு கோட்டின் தடிமனும் தூரிகை போன திசையும் தெரிகிற அளவுக்கு அவற்றில் எதையும் என் பிள்ளைகள் பார்த்ததில்லை.

உங்கள் இன்னொரு வீட்டுப் பிள்ளையைப் பற்றியும் சொல்லவேண்டும். பி.கே. நாயர். 1964இல் தொடங்கிய புனே காப்பகத்தில் அடுத்த வருடமே சேர்ந்து, 1991இல் ஓய்வு பெறும்வரை அதைக் கட்டி எழுப்பியவர். சின்ன வயதில் சினிமா டிக்கெட்டின் கிழித்த பாதியையும் எடை பார்க்கிற எந்திரத்தின் அட்டையையும் சேர்த்துவைத்த பழக்கம், பெரியவரானதும் பன்னிரண்டாயிரம் படங்களாக வளர்ந்தது. தாதாசாகேப் பால்கேயின் 'காளிய மர்தன்' துண்டு துண்டாகக் கிடைத்தபோது, பால்கே கைப்பட எழுதிவைத்த குறிப்புகளை வைத்து அதை வரிசைப்படுத்தினார். இந்த இடத்தைத் தயவுசெய்து கவனியுங்கள். படச்சுருள் மட்டும் கிடைத்திருந்தால் அது போதாது. கூடவே ஒரு குறிப்பேடு இருந்தது. அந்தக் காகிதம்தான் படத்தைப் படமாக்கியது.

ராம் மோகனும் நாயரும் கிட்டத்தட்ட ஒரே வயதுக்காரர்கள். ஒருவர் மும்பையில் வரைந்தார், இன்னொருவர் புனேயில் காத்தார். இருவருக்கும் சம்பளம் கொடுத்தது ஒரே தகவல் ஒலிபரப்பு அமைச்சகம். ஆனால் அலுவலகங்கள் வேறு, கோப்புகள் வேறு. 2022 மார்ச்சில் ஃபிலிம்ஸ் டிவிஷன், ஆவணக் காப்பகம், குழந்தைகள் திரைப்படச் சங்கம், திரைப்பட விழாக்கள் இயக்ககம் நான்கின் பொறுப்பையும் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்திடம் (என்.எஃப்.டி.சி.) கொடுத்தார்கள். அந்த இணைப்பை எதிர்த்துப் பலரும் பேசினார்கள்; எனக்கும் அப்போது கவலை இருந்தது, இப்போதும் முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் ஒன்று நடந்திருக்கிறது. வரைந்த வீடும் காக்கிற வீடும் இப்போது ஒரே கூரையின்கீழ் வந்துவிட்டன. இனி "அது அவர்கள் பொறுப்பு" என்று சொல்ல எதிர்ப்பக்கத்தில் ஆள் இல்லை. தேசியத் திரைப்படப் பாரம்பரிய இயக்கத்தின்கீழ் 2,200 படங்களைச் சீரமைக்க 363 கோடி ரூபாய் என்று 2022 மே மாதம் அறிவிப்பும் வந்தது. அந்தப் பணத்தில் கார்ட்டூன் படங்களுக்கென்று ஒரு பங்கைத் தனியாக எடுத்துவையுங்கள் என்பதுதான் என் முதல் கோரிக்கை.

ஏன் தனியாக? நடிகர்கள் நடித்த படத்துக்கும் கார்ட்டூன் படத்துக்கும் சீரமைப்பில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. இதை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்ல அனுமதியுங்கள். நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

பத்து நிமிடக் கார்ட்டூன் படத்தில், வினாடிக்கு 24 வீதம், 14,400 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினாலும் 7,200 படங்கள் வேண்டும். ஒவ்வொன்றையும் பென்சிலில் வரைந்து, கோடுகளைச் சுத்தமாக்கி (கிளீன்-அப்), செல் என்கிற கண்ணாடி மாதிரியான தாளின் முன்பக்கம் மசியில் கோடு இழுத்து, பின்பக்கம் வண்ணம் அடித்து, காய வைத்து, மேலிருந்து கீழ் நோக்கி மாட்டிய ரோஸ்ட்ரம் கேமராவின்கீழ் ஒவ்வொன்றாகப் படம் பிடிப்பார்கள். எந்த செல் எத்தனை ஃபிரேம் நிற்கவேண்டும், எதன்மேல் எது வரவேண்டும் என்பதெல்லாம் எக்ஸ்போஷர் ஷீட்டில் கட்டம் கட்டமாக எழுதியிருக்கும். படம் பிடித்து முடிந்ததும் அந்த செல்களின் கதி என்ன தெரியுமா? பல இடங்களில் கழுவிவிட்டு மறுபடி பயன்படுத்துவார்கள். செல் விலை அப்படி.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் 1997 வாக்கில் கம்ப்யூட்டர் வந்தது. மாடி அறையில் அடுக்கியிருந்த செல்களையும் தாள்களையும் ஒரே நாளில் காலிசெய்யச் சொன்னார்கள். பழைய பேப்பர்காரர் தாளைக் கிலோக் கணக்கில் எடுத்துக்கொண்டார். செல் அவருக்கு வேண்டாம். தெருப் பிள்ளைகள் அதை வாங்கிப்போய் நோட்டுக்கு அட்டை போட்டார்கள். நான் இரண்டு வருடம் வரைந்த குருவி ஒன்று, ஏழாம் வகுப்புக் கணக்கு நோட்டின்மேல் சிரித்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். யார்மேலும் கோபம் வரவில்லை. இது காக்கவேண்டிய பொருள் என்று எங்கள் யாருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. அன்று மாலை ஒரு கோணியில் கைக்குக் கிடைத்ததைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அந்தக் கோணியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

செல் எதற்கு, நெகட்டிவ் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். இருபது வருடத்துக்கு முன் நானும் அப்படித்தான் நினைத்தேன். அசிட்டேட் பிலிம் சூட்டிலும் ஈரத்திலும் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளிவரும். டப்பாவைத் திறந்தால் குப்பென்று வினிகர் வாடை அடிக்கும். அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும். பக்கத்து டப்பாவுக்கும் பரவும். மும்பையும் சென்னையும் கடலோர ஊர்கள். குளிரும் வறட்சியுமான அறை இல்லாவிட்டால் இங்கே பிலிம் அதிக நாள் தாங்காது. இது உங்களுக்குத் தெரிந்ததுதான். இதோடு வண்ணம் வெளுப்பதும் சேரும். பழைய ஈஸ்ட்மன்கலர் பிரிண்டில் நீலமும் பச்சையும் கரைந்துபோய் எல்லாம் ஒரே செந்நிறமாக நிற்கும். மனிதர்கள் நடித்த படம் என்றால் சீரமைப்பவர் ஓரளவு ஊகித்துவிடலாம்: தோலின் நிறம் இது, வாழை இலையின் நிறம் இது என்று. கார்ட்டூனில் அந்த ஊகத்துக்கு இடமே இல்லை. மான் பொன்னிறமா, மஞ்சளா, காவியா? வானம் எந்த நீலம்? அது இயற்கையில் இல்லாத நிறம். ஒரு மனிதர் ஒரு நாள் கிண்ணத்தில் கலக்கி முடிவுசெய்த நிறம். அந்த முடிவுக்குச் சாட்சி, வண்ணம் அடித்த செல் தாளும் கலர் சார்ட்டும்தான். நாலே நாலு செல் மிஞ்சியிருந்தால்கூடப் போதும், முழுப் படத்தின் வண்ணத்தையும் மீட்டுவிடலாம்.

அடுத்தது தூசி. நடிகர்கள் படத்தில் தூசியும் கீறலும் நீக்கவேண்டிய குறைகள். மென்பொருள் என்ன செய்யும்? முந்தைய ஃபிரேமிலும் அடுத்த ஃபிரேமிலும் இல்லாமல், நடுவில் மட்டும் இருக்கிற எதையும் அழுக்கு என்று எடுத்துக்கொண்டு அழித்துவிடும். ஆனால் கார்ட்டூன் என்பதே ஒவ்வொரு ஃபிரேமிலும் புதிதாக வரைந்த கோடு! வேகமாக அசைகிற விரல், பறக்கிற முடி, ஓட்டத்தில் இழுபடுகிற கால் எல்லாம் அந்த மென்பொருளுக்கு அழுக்காகவே தெரியும். வெளிநாடுகளில் வெளிவந்த பழைய கார்ட்டூன் டிவிடிகள் சிலவற்றில் பாத்திரங்களின் கோடுகள் நடுநடுவே அறுந்து மறைந்தது இப்படித்தான். அதோடு, செல்லுக்கு அடியில் மாட்டிக்கொண்ட தூசி கேமராவின் முன்னாலேயே இருந்தது. படம் பிடித்த அன்றே அதன் பாகமானது. அதையும் துடைத்தால் படம் பிளாஸ்டிக் போல ஆகிவிடும். எதைத் துடைக்கவேண்டும், எதை விடவேண்டும் என்று சொல்ல, வரைந்து பழகிய ஒருவர் பக்கத்தில் உட்காரவேண்டும். சென்னையில் படச் சீரமைப்பு வேலை உலகத் தரத்தில் நடக்கிறது. ஃபிரேம் ஃபிரேமாகக் கையால் சரிசெய்யத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களோடு ஒரு பழைய அனிமேட்டரை உட்காரவையுங்கள் என்றுதான் கேட்கிறேன். பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

அமெரிக்காவில் ஸ்டீவ் ஸ்டான்ச்ஃபீல்ட் என்று ஒருவர் இருக்கிறார். மிச்சிகன் மாநிலத்துக்காரர். டெட்ராய்ட்டில் அனிமேஷன் பேராசிரியர், அனிமேஷன் தயாரிப்பாளர். 'தண்டர்பீன்' என்ற சின்ன நிறுவனத்தை வைத்துக்கொண்டு, பெரிய ஸ்டூடியோக்கள் கண்டுகொள்ளாமல் விட்ட 1930களின் கார்ட்டூன்களைத் தேடிப்பிடித்துச் சீரமைத்து வெளியிடுகிறார். டிஸ்னியோடு மிக்கி மவுஸை உருவாக்கிய அப் ஐவர்க்ஸின் 'ஃப்ளிப் தி ஃப்ராக்' தவளைப் படங்களுக்காகப் பல வருடம் உழைத்தார். சேகரிப்பாளர்கள், காப்பகங்கள் என்று பல இடங்களிலிருந்து பிரதிகளை வாங்கி ஒப்பிட்டு, எது நல்லது என்று பார்த்துச் சேர்ப்பதுதான் அவர் வேலை. அவரிடம் நான் கற்றது ஒன்று: தானே வரைகிறவருக்குத்தான் எங்கே ஒரு படம் விடுபட்டிருக்கிறது, எங்கே ஓட்டம் தடுக்குகிறது என்று உடனே கண்ணில் படும். தயாரிப்பாளரும் காப்பாளரும் ஒரே ஆளாக இருப்பதன் பலன் அது. தனி மனிதர் ஒருவர் தன் மாணவர்களையும் நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு இவ்வளவு செய்கிறார். உங்களிடம் நெகட்டிவ் இருக்கிறது, குளிரறை இருக்கிறது, நிதி இருக்கிறது.

இன்னோர் உதாரணம் நம் கண்ணெதிரே நடந்தது. யூகோ சாகோ என்ற ஜப்பானியர் 1983இல் அகழாய்வு பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க இந்தியா வந்தார். ராமாயணத்தில் மனசைப் பறிகொடுத்து, அதை அனிமேஷன் படமாக எடுக்க முடிவுசெய்தார். எதிர்ப்பு கிளம்பியது, இந்திய அரசின் கூட்டும் கிடைக்கவில்லை. கடைசியில் ஜப்பானிலேயே 450 கலைஞர்கள், ஏறக்குறைய ஒரு லட்சம் செல்களுடன் 1992இல் படம் முடிந்தது. சாகோ, கோய்ச்சி சசாகியுடன் இயக்குநராக மூன்றாவதாக நின்ற பெயர் ராம் மோகன். வேட்டி எப்படிக் கட்டுவார்கள், பெரியவர் காலில் எப்படி விழுவார்கள் என்பதெல்லாம் சரியாக வரவேண்டுமென்றால் இங்கத்திய கண் ஒன்று அங்கே இருந்தாகவேண்டும். அந்தக் கண் அவர்.

2025 ஜனவரி 24 அன்று அந்தப் படம் 4கே தரத்தில், தமிழிலும் திரையரங்குக்கு வந்தது. என் அக்கா பேரனைக் கூட்டிக்கொண்டு போனேன். முப்பத்து மூன்று வருடத்துக்கு முந்தைய படம் என்று அவன் நம்பவே இல்லை. பின்னணி ஓவியங்களில் தூரிகைத் தடம் தெரிந்தது. அனுமன் இலங்கைக்குத் தாண்டும்போது அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. டைட்டிலில் ராம் மோகன் பெயர் வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதே மனிதர் அந்தப் படத்துக்கும் முப்பது வருடம் முன்னால் நம் அரசுப் பிரிவில் வரைந்தவையும் இப்படி ஒருநாள் ஒளிரவேண்டும் என்று அன்று இரவு தோன்றியதுதான், இந்த மடலாக வந்திருக்கிறது.

தமிழ்க்காரனாக ஒன்றைக் கேட்கவேண்டும். ஃபிலிம்ஸ் டிவிஷன் படங்கள் அந்தந்த மாநில மொழியில் பேசி வந்தன. மெயின் படத்துக்கு முன்னால் நியூஸ் ரீல் ஓடும். ஊர் டென்ட் கொட்டகை வரைக்கும் அந்தப் பெட்டி போகும். தியேட்டர்காரர் போட்டே ஆகவேண்டும் என்று விதி இருந்தது. என் அப்பா தலைமுறை பார்த்த முதல் கார்ட்டூன், மணல் குவித்து உட்கார்ந்து, தமிழ்க் குரலோடு பார்த்ததுதான். சீரமைக்கும்போது ஆங்கிலம், இந்தி ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற மொழி ஒலிச்சுருள்களைக் கைவிட்டுவிடாதீர்கள். அந்தக் குரல்களும் படத்தின் பாதி. மலையாளிக்கும் வங்காளிக்கும் இதே ஆசை இருக்கும்.

சென்னைக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. 1947இல் ஜெமினி ஸ்டூடியோவில் தாணு என்ற ஓவியர் 'சினிமா கதம்பம்' என்றொரு கார்ட்டூன் செய்தார். அதைப் பார்த்த ஒருவரைக்கூட நான் இதுவரை சந்தித்ததில்லை. பால்கே 1915இல் தீக்குச்சிகளை அசைத்து எடுத்த படம் இன்று இல்லை. தென்னிந்தியாவின் முதல் மௌனப்படம், நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' இல்லை. தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' இல்லை. நாகர்கோவில் சுந்தர்ராஜ் எடுத்த மௌனப்படம் 'மார்த்தாண்ட வர்மா' மட்டும் எப்படித் தப்பியது? நாவலின் உரிமை வைத்திருந்த புத்தகக் கடை வழக்குப் போட்டு, பிரதியை முடக்கி வைத்தது. கடையிலேயே நாற்பது வருடம் கிடந்ததை 1974இல் உங்கள் காப்பகம் வாங்கியது. வழக்குப் போட யாரும் இல்லாத படங்கள், சுருளில் இருந்த வெள்ளிக்காக உருகின, வளையலாக வெட்டுப்பட்டன, 2003 ஜனவரியில் புனேயில் எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட் சுருள்களுக்கு நேர்ந்ததுபோல எரிந்தும் போயின.

இனி நான் கேட்பவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1956 முதல் கார்ட்டூன் பிரிவு செய்த எல்லாப் படங்களின் பட்டியலையும், ஒவ்வொன்றுக்கும் நெகட்டிவ் இருக்கிறதா, பிரிண்ட் இருக்கிறதா, எந்த மொழி ஒலி இருக்கிறது, என்ன நிலையில் இருக்கிறது என்ற விவரத்தோடு வெளியிடுங்கள். இல்லாததை இல்லை என்று போடுங்கள். பட்டியல் வந்தால் தேட நாங்கள் இருக்கிறோம். நாடு முழுக்கப் பழைய புரொஜெக்டர்காரர்கள், பள்ளிக்கூட அலமாரிகள், கல்வித்துறைக் கிடங்குகள் என்று 16 மி.மீ. பிரதிகள் ஒளிந்திருக்கும். எதைத் தேடுவது என்று தெரிந்தால்தான் தேட முடியும். அப்புறம், 'தி பனியன் டீர்' ஒன்றையாவது மூல நெகட்டிவிலிருந்து, நான் மேலே சொன்ன கவனத்தோடு சீரமைத்துக் காட்டுங்கள். ஒரு படம் சரியாக வந்துவிட்டால் மற்றவற்றுக்கு அதுவே வழிகாட்டும். பெடர் ரோட்டில் அதே ஃபிலிம்ஸ் டிவிஷன் வளாகத்தில் இந்தியத் திரைப்பட அருங்காட்சியகம் 2019இலிருந்து இருக்கிறது. படம் பிறந்த வாசலிலேயே திரையிடலாம்.

வரைந்தவர்களில் மிஞ்சியிருப்பவர்களின் குரலைப் பதிவுசெய்யுங்கள். இயக்குநர்களை மட்டும் பேட்டி எடுக்காதீர்கள். மசிக்கோடு இழுத்தவர், வண்ணம் கலந்தவர், ரோஸ்ட்ரம் கேமரா ஓட்டியவர் ஆகியோரிடம்தான் விடைகள் இருக்கின்றன. இதை அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளிவைக்க முடியாது. அவர்களில் பலருக்கு எண்பது தாண்டிவிட்டது. அரசுப் பணத்தில் இனி எடுக்கும் அனிமேஷன் படங்களுக்கும், படத்தோடு ஸ்டோரிபோர்டையும் மூலக் கோப்புகளையும் ஒப்படைக்கவேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். பத்து வருடத்துக்கு முந்தைய புராஜெக்ட் கோப்பைத் திறக்க முடியாமல் நானே தவித்திருக்கிறேன். செல் கழுவியதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

கடைசியாக அந்தக் கோணி. அதில் இருநூற்றுச் சொச்சம் செல்கள், ஏழு கட்டு எக்ஸ்போஷர் ஷீட், பென்சில் படங்கள் ஒரு பெட்டி. இருபத்தெட்டு வருடமாக என் பீரோவில் இருக்கின்றன. சிலவற்றில் வண்ணம் வெடித்துவிட்டது. சில ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன, பிரிக்கப் பயமாயிருக்கிறது. இவற்றில் ராம் மோகன் வரைந்தது எதுவும் இல்லை. ஆனால் அவரிடம் வேலை கற்றவர்களிடம் கற்றவர்கள் வரைந்தவை சில உண்டு. என்னைப் போலப் பீரோவிலும் பரணிலும் வைத்திருப்பவர்கள் சென்னையில் மட்டும் எனக்குத் தெரிந்து ஐந்து பேர் இருக்கிறோம். மும்பையில் இன்னும் அதிகமாக இருப்பார்கள். ஒட்டிய செல்லைப் பிரிக்கத் தெரிந்த ஒருவரை நியமித்து, அவர் உட்காருகிற அறையின் முகவரியைச் சொல்லுங்கள். ரயிலில் நானே மடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன். என் மாணவியையும் கூட்டிவருவேன்.

பணிவுடன்,
சென்னையிலிருந்து ஓர் அனிமேஷன் ஆசிரியர்